மரியாதை இடைவெளி

தையல் மெஷின் மெக்கானிக் ஒருநாள் காலை பல் துலக்கியபடி கொல்லைக் கதவைத் திறந்தபோது அவருடைய நாட்டைக் காணவில்லை.

அதாவது நாடு இருந்தது. கொஞ்சம் தள்ளி இருந்தது. நேற்று வரை வாசலுக்கு முன்னால் ஓடிய வெள்ளைக் கோடு, இப்போது கொல்லைப்படிக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் பின்னால் ஈரம் காயாமல் பளபளத்தது. கோட்டுக்கு அப்பால் பால் பூத், பின்வீடு, அதற்கடுத்த தெருவில் ஆஸ்பத்திரியின் பச்சைப் பலகை. கோட்டுக்கு இப்பால் அவர், அவர் வீடு, வாய் நிறைய நுரை.

கோட்டின் ஓரத்தில் பெயிண்டர் குந்தியிருந்தான்.

"என்ன தம்பி, கோடு இங்க வந்துடுச்சு?"

"வந்துடுச்சுண்ணே. போன வருஷமே வந்திருக்கணும். உங்க வீடு தெருவுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குதா, சுத்திப் போக பெயிண்ட் பத்தலை. இந்த வருஷம் ரெண்டு டின் சேர்த்துக் குடுத்தாங்க."

"அப்ப நான் எந்த நாடு?"

பெயிண்டர் பிரஷை டின்னில் தட்டினான். "அதெல்லாம் ஆபீசுல கேளுங்கண்ணே. நான் வெறும் கலர் அடிக்கிறவன்."

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அந்தத் தெருவின் நடுவில்தான் இரண்டு நாடுகளும் பிரிந்தன. ஆதியில் ஒரே கோடுதான் இருந்தது. ஒரு வருடம் அதைப் புதுப்பிக்க வந்தவன் தும்மிவிட்டான். பிரஷ் ஒரு விரற்கடை அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்காக ஒரு போர் மூண்டது. தும்மியவனுக்கு ஜலதோஷம் விடுவதற்குள் ஏராளமான பேர் செத்துப்போனார்கள். பிறகு சாகாதவர்கள் கூடி ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். இனி ஒரு கோடு கூடாது. அவரவர் கோட்டை அவரவர் மண்ணில் அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டுக்கு வெள்ளை, இன்னொன்றுக்கு மஞ்சள். வருடத்துக்கு ஒருமுறை, எல்லை நாளன்று, பாண்டு வாத்தியத்தோடு புதுக்கோடு. பழைய கோட்டின் மேலேயே பூசக் கூடாது, அது தியாகிகளின் நினைவுச்சின்னம். அதற்கு முன்னால் தள்ளிப் பூசினால் ஆக்கிரமிப்பு. ஆகவே பின்னால் தள்ளித்தான் பூச வேண்டும். பெயிண்டர்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள், வரக்கூடிய தும்மலையும் கணக்கில் சேர்த்து இரண்டு முழம் தள்ளியே பூசினார்கள். இப்படி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விழுந்த இடத்துக்கு உடன்படிக்கை 'மரியாதை இடைவெளி' என்று பெயர் வைத்தது.

ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று இரு நாட்டுத் தலைவர்களும் வருடம் தவறாமல் மேடையில் முழங்கினார்கள். சொன்ன சொல் தவறாதவர்கள். அங்குலம் அங்குலமாக விடவே இல்லை, முழம் முழமாகத்தான் விட்டார்கள். ஒருமுறை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், "நம்ம நாட்டை ஒருதரம் அளந்து பாத்தா என்ன?" என்று கேட்டார். நாட்டை அளப்பது என்பது நாட்டைச் சந்தேகிப்பது என்று சொல்லி அவரை உள்ளே வைத்தார்கள். பிறகு அந்த ஊரில் யாரும் எதையும் அளக்கவில்லை. துணிக்கடையில்கூடக் குத்துமதிப்பாகத்தான் கிழித்தார்கள்.

இடைவெளி முதலில் தார்ச்சாலையைத் தின்றது. பிறகு சாக்கடை, நடைபாதை, தபால்பெட்டி. தபால்பெட்டிக்குள் கிடந்த கடிதங்கள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. இந்த வருடம் அது மெக்கானிக்கின் வீட்டைத் தின்றது.

மெக்கானிக் வாய் கொப்பளிக்க மறந்து உள்ளே வந்தார். அவர் மனைவி நிறைமாத வயிற்றைக் கையால் தாங்கியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை குறுக்கே கிடந்தது. வலி எடுத்த நிமிஷமே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், வீட்டில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தால் இரண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அடுத்த தெருதானே டாக்டர் என்று மெக்கானிக் சிரித்துவிட்டு வந்திருந்தார்.

"ஏங்க, வாயெல்லாம் நுரையா நிக்கிறீங்க? என்ன ஆச்சு?"

"நம்ம நாடு போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"பின்பக்கமா."

அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "வாடகை வீடுன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் காலி பண்ணுவாங்க. போய்ப் பேசிட்டு வாங்க. அங்க போய் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்காதீங்க."

மெக்கானிக் பல்லைக் காட்டுகிறவர்தான். பூட்ஸ் சத்தம் கேட்டாலே முதுகு தானாக வளைந்துகொள்ளும். அறுந்த நூலைக் கண்டால் எந்த மெஷினையும் பிரித்துப் போட்டுவிடுவாரே தவிர, அதட்டுகிற மனுஷனைக் கண்டால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

கோட்டுக்கு அப்பால் குடை நிழலில் மேஜை போட்டு வெள்ளைக் கோட்டு நாட்டின் அதிகாரி அமர்ந்திருந்தார். மீசைக்குத் தனியாகக் காவல் போடலாம், அப்படி ஒரு மீசை.

"சார், ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீட்டுல நிறைமாசம். குழந்தை குறுக்க கிடக்கு."

"எந்த நாட்டுலேருந்து வர்றே?"

"சார், நான்தான் சார், மெக்கானிக். நேத்துகூட உங்க ஆபீஸ் கொடி தைக்கிற மெஷினுக்கு பெல்ட் மாத்தினேனே."

"நேத்து நீ குடிமகன். இன்னைக்கு அயலான்."

"நான் எங்கயும் நகரலையே சார்!"

"அதான் தப்பு. நாடு நகரும்போது கூடவே நகர்ந்திருக்கணும். தேசபக்தி உள்ளவனா இருந்தா தூக்கத்துலயே புரண்டு வந்திருப்பான்."

மெக்கானிக் தன் தூக்கத்தை நினைத்து வெட்கப்பட்டார். "இப்ப நான் என்ன சார் பண்ணணும்?"

"விசா வாங்கிட்டு வா."

"எங்க குடுக்கிறாங்க?"

"இதோ, எனக்குப் பின்னால தெரியுதே, அந்தக் கட்டடம்."

"அங்க போக விடுவீங்களா?"

"விசா இருந்தா விடுவேன்."

"அப்ப என் வீட்டை மறுபடி உங்க நாட்டுலயே சேர்த்துக்கங்க சார். சின்ன வீடுதான், அடக்கமா இருக்கும்."

அதிகாரி இப்புறமும் அப்புறமும் பார்த்துவிட்டு மேஜைமேல் குனிந்தார். "சத்தமா பேசாதே. சேர்த்துக்கிட்டா அது ஆக்கிரமிப்பு, போர் வரும். அது அவங்க வீடுன்னு சொன்னா துரோகம், எனக்குத் தூக்கு. ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருந்தா மாசாமாசம் சம்பளம், வருஷம் தவறாம பதக்கம். இதைத்தான் வெளியுறவுக் கொள்கைன்னு சொல்றது."

மெக்கானிக் வீட்டுக்குள் புகுந்து, முன்வாசல் வழியாக இறங்கி, செத்துப்போன தெருவைத் தாண்டி மஞ்சள் கோட்டுக்குப் போனார். அங்கேயும் குடை, மேஜை, மீசை. அந்த அதிகாரியும் அதே கேள்விகளைக் கேட்டு அதே பதில்களைச் சொன்னார். இரண்டு நாட்டுக்கும் எழுதிக் கொடுத்தவன் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மஞ்சள் அதிகாரி சற்று இளகிய மனசுக்காரர்.

"உன் மனைவிக்கு நாங்க அடைக்கலம் குடுக்கிறோம். அவ மைக்கைப் பிடிச்சு, வெள்ளைக் கோட்டு நாட்டுக் கொடுமை தாங்காம ஓடி வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"சொல்லச் சொல்றேன் சார். ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கா?"

"பஸ்ஸுல ஒரு நாள் போகணும். அதுக்கு முன்னால விசாரணை இருக்கு."

"குழந்தை குறுக்க கிடக்கே சார்!"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்படியா? அதுவும் அவங்க சதிதான்னு சேர்த்துச் சொல்லச் சொல்லு."

மெக்கானிக் வீடு திரும்பினார். மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவேண்டியதைக் கேட்காமலேயே விட்டுவிட்டாள். "ரெண்டு நாடும் வேண்டாம்னு தள்ளுற மனுஷனை எங்க அப்பா எனக்குன்னு தேடிப் பிடிச்சிருக்காரு" என்றாள். பிறகு அவர் தலை குனிந்திருப்பதைக் கண்டு, "சரி விடுங்க. வலி வரட்டும், பாத்துக்கலாம்" என்றாள்.

அன்று பின்வீட்டு அக்கா துடைப்பக் கட்டையின் நுனியில் ஒரு பால் பாக்கெட்டைக் கட்டி, கோட்டுக்கு மேலாக நீட்டினாள். காவலர் பாய்ந்து வந்து பாக்கெட்டைக் கைது செய்தார். பாலை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்றுமதி அனுமதி வேண்டுமாம். அனுமதி வந்து சேர்ந்தபோது பால் தயிராகியிருந்தது. தயிருக்கு வேறு இலாகா. அந்த இலாகா பதில் போட்டபோது பாக்கெட் வெடித்து, காவலரின் சட்டை நாறி, சுகாதாரத் துறை விசாரணைக்கு வந்தது. அக்காவை மட்டும் மூன்று துறைகளும் தனித்தனியாக விசாரித்தன. "பிள்ளைத்தாச்சிக்குக் குடுத்தேன்" என்று அவள் மூன்று பேரிடமும் சொன்னாள். "எந்த நாட்டுப் பிள்ளைத்தாச்சி?" என்று மூன்று பேரும் கேட்டார்கள்.

இடைவெளியில் ஒரு வீடு இருக்கிறது என்ற செய்தி இரண்டு தலைநகரங்களுக்கும் எட்டியதும் பேச்சுவார்த்தை நடத்த உத்தரவாயிற்று. எங்கே நடத்துவது? வெள்ளை மண்ணில் மஞ்சள் அதிகாரி கால் வைத்தால் ஊடுருவல். மஞ்சள் மண்ணில் வெள்ளை அதிகாரி கால் வைத்தால் படையெடுப்பு. இருவருக்கும் பொதுவான இடம் மரியாதை இடைவெளிதான். அதில் கூரையுள்ள கட்டடம் ஒன்றே ஒன்று. ஆகவே மெக்கானிக்கின் வீட்டைப் பற்றிப் பேச மெக்கானிக்கின் வீட்டுக்கே வந்தார்கள். மாநாடு முடிகிறவரை இடைவெளியில் நடமாட இருவருக்கும் தனி அனுமதி.

வெள்ளை அதிகாரி கொல்லை வழியாகவும் மஞ்சள் அதிகாரி வாசல் வழியாகவும் ஒரே நொடியில் காலெடுத்து வைத்தார்கள். முதலில் நுழைபவர் வீட்டுக்காரர் ஆகிவிடுவாராம். மெக்கானிக்கின் வேலை மேஜைதான் மாநாட்டு மேஜை. அதில் பழுதுக்கு வந்த மெஷின் ஒன்று இருந்தது. அதை எடுக்கலாமா என்று மெக்கானிக் கேட்டார். வேண்டாம், அதன் ஊசியையே மேஜையின் எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்று இருதரப்பும் ஒருமனதாக ஒப்புக்கொண்டன. மாநாட்டின் முதல் வெற்றி என்று அதற்குக் கை தட்டினார்கள்.

பிறகு மின்விசிறி. அது வெள்ளைப் பக்கத்திலிருந்து மஞ்சள் பக்கமாகச் சுற்றுவதாக மஞ்சள் அதிகாரி ஆட்சேபித்தார். திருப்பிச் சுற்ற விட்டால் காற்றே வராது என்றார் மெக்கானிக். "காற்று முக்கியமா, கௌரவம் முக்கியமா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். விசிறி நிறுத்தப்பட்டது. வேர்த்து ஊற்ற, மாநாடு தொடங்கியது.

"அம்மா, டீ" என்றார் வெள்ளை அதிகாரி. "அவருக்கு முன்னால எனக்கு வச்சிடாதீங்க, அவருக்குப் பின்னாலயும் வச்சிடாதீங்க."

அவள் இரண்டு கையிலும் இரண்டு டம்ளரை ஏந்தி, வயிறு முட்ட நடுவில் நின்று, ஒரே நேரத்தில் டொக்கென்று வைத்தாள். "சர்க்கரை இல்லை. அது உங்க ரெண்டு நாட்டுலயும்தான் கிடைக்கும்."

வெள்ளை அதிகாரி எழுந்து தொண்டையைக் கனைத்தார். மேடைத் தமிழுக்கு மாறினார்.

"எல்லை என்பது என்ன? சிலர் கோடு என்கிறார்கள். மூடர்கள்! எல்லை இருப்பதால்தான் எதிரி இருக்கிறான். எதிரி இருப்பதால்தான் நான் இருக்கிறேன். நான் இருப்பதால்தான் என் மைத்துனருக்குப் பெயிண்ட் காண்டிராக்ட் இருக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் தேசம் சிதறிவிடும். மக்கள் பசி என்கிறார்கள், வேலை என்கிறார்கள். எல்லையைக் காட்டினால் வாயை மூடிக்கொள்கிறார்கள். பசிக்கு இவ்வளவு மலிவான மருந்து உலகில் வேறு உண்டா?"

மஞ்சள் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதிரியே ஆனாலும் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்களும் இதே கொள்கையைத்தான் கட்டிக் காக்கிறோம். என்ன, எங்களிடம் காண்டிராக்ட் மாமனாருக்கு. தெருவில் நிற்கும் மனிதன் தனக்குப் பின்னால் இருப்பவனைப் பார்க்கக் கூடாது. எதிரில் இருப்பவனையே பார்க்க வேண்டும். பின்னால் நாங்கள்தானே நிற்கிறோம்!"

இருவரும் ஊசிக்கு மேலாகக் கை குலுக்கினார்கள். பிறகு தீர்மானம் வாசிக்கத் தொடங்கினார்கள். இவ்வளவு வசதியான பொது இடம் வேறெங்கும் அமையாது என்பதால் இந்த வீடு சமாதான மண்டபமாக அறிவிக்கப்படுகிறது; குடியிருப்போர் உடனே வெளியேற வேண்டும்.

"எங்க சார் போறது?" என்றார் மெக்கானிக்.

"அது அடுத்த மாநாட்டுல வருது."

அப்போதுதான் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "ஏங்க... வலி எடுத்துடுச்சு."

மெக்கானிக் அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் வெள்ளை அதிகாரி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாலாவது பத்தியில நிக்கிறோம். பிரசவம் நிகழ்ச்சி நிரல்லயே இல்லை."

"இந்த மாதிரி விஷயத்தை ரெண்டு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிவிச்சிருக்கணும்" என்றார் மஞ்சள் அதிகாரி.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களையெல்லாம் பெத்தவங்க யாரைக் கேட்டுப் பெத்தாங்க?" என்றாள். பிறகு புருஷனிடம், "கையைக் குடுங்க" என்றாள்.

கொல்லையில் பெயிண்டர் மாநாட்டைக் கௌரவிக்க இந்த வருஷத்துப் புதுக்கோட்டுக்கு இன்னொரு பூச்சு கொடுத்திருந்தான். மைத்துனர் சப்ளை செய்கிற பெயிண்ட். ஒரு விரல் கனத்துக்குப் பூச வேண்டும் என்பது உத்தரவு. டின் எத்தனை காலியாகிறதோ அத்தனை தேசபக்தி. தயிர்போல் தளதளவென்று கிடந்தது எல்லை.

மெக்கானிக் சட்டத்துக்கு அடங்கியவர். பெண்டாட்டிக்கு உயிர் போகிற நேரத்திலும் எல்லைக்குச் சேதம் வரக் கூடாதென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே தாவாகத் தாண்டிக் குதித்தார். அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினார். "தாண்டும்மா, பாத்து."

"இந்த வயித்தை வச்சுக்கிட்டா?"

அவள் தாண்டவில்லை. வெறுங்காலை எடுத்து எல்லையின் நட்டநடுவில் வைத்தாள். சதக் என்றது. அடுத்த காலையும் வைத்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்க அதன்மேலேயே நின்றாள். பிறகு நடந்தாள்.

காவலர் துப்பாக்கியை உயர்த்தினார். எதிரி நாட்டிலிருந்து வந்தால் சுட வேண்டும், நம் நாட்டிலிருந்து போனாலும் சுட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எந்த நாட்டிலிருந்தும் இல்லாமல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. "சார், சுடலாமா?" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார். உள்ளே விதிப்புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பின்வீட்டு அக்கா ஓடி வந்து அவளுடைய இன்னொரு தோளைத் தாங்கிக்கொண்டாள். விதி கிடைப்பதற்குள் மூவரும் தெருத் திரும்பிவிட்டார்கள்.

அதிகாரிகள் வெளியே வந்து பார்த்தபோது கோட்டின் நடுவே இரண்டு பள்ளங்கள். அங்கிருந்து தெருவைக் குறுக்கே கடந்து, ஆஸ்பத்திரி வாசல் வரை வெள்ளை வெளேரென்று காலடிகள்.

வெள்ளை அதிகாரியின் மீசை துவண்டது. "வெள்ளைப் பெயிண்ட் எங்கே உள்ளதோ அங்கேயே எமது எல்லை." சட்டத்தின் முதல் வரி அது. சின்ன வகுப்புப் பிள்ளைகள்கூடப் பாட்டாகப் பாடுவார்கள்.

"அப்ப உங்க நாடு ஆஸ்பத்திரி வரைக்கும் பின்வாங்கிடுச்சு" என்றார் மஞ்சள் அதிகாரி. "பேஷ், ரொம்ப மரியாதை!"

அந்த நிமிஷமே காலடிகளின் இருபுறமும் காவலர் நிறுத்தப்பட்டார்கள். டீக்கடைப் பெஞ்சு இரண்டு நாடானது. ஒரு முனையில் உட்கார்ந்திருந்தவரிடம் மறுமுனையில் இருந்தவர் செய்தித்தாளின் நடுப்பக்கத்தைக் கொடுத்ததற்காக உளவுக் குற்றம் பதிவானது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்த ஒருவருடைய உடம்பு ஒரு நாட்டிலும் நீட்டியிருந்த கால் இன்னொன்றிலும் கிடந்தன. காலைத் திரும்பப் பெற மனுப் போடும்படி அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காலடிகள் கதவுக்குள் புகுந்து மறைந்தன.

கதவிடுக்கில் ஒரு நர்சின் தலை தெரிந்தது.

"சிஸ்டர்! அந்தம்மா காலைக் கழுவிடாதீங்க! அது சர்வதேச எல்லை!"

நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

மெக்கானிக் சுவரோரமாக நின்றார். உள்ளேயிருந்து எதுவும் கேட்கவில்லை. வெளியே இரண்டு அதிகாரிகளும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தை செத்தால் யாருடைய கணக்கு, தாய் செத்தால் யாருடைய கணக்கு என்பதுதான் பேச்சு. செத்தால் இரண்டு பேருக்கும் தியாகி வேண்டியிருந்தது. பிழைத்தால் ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. பின்வீட்டு அக்கா மெக்கானிக்கின் தோளில் கை வைத்து, "அதையெல்லாம் காதுல வாங்காதீங்க தம்பி" என்றாள். அவர் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். முதுகு மட்டும் ஏனோ இந்தத் தடவை வளையவில்லை.

கதவு திறந்தது. டாக்டரம்மா துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். "பொண்ணு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு பேரையும் பாத்திருக்க மாட்டீங்க. அவ நல்லாயிருக்கா, வயித்தைத் தைச்சிருக்கேன்." பிறகு அதிகாரிகளைப் பார்த்தார். "யாரு சார் நீங்க? தியேட்டர் வாசல்ல பூட்ஸோட?"

வெள்ளை அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தரையைக் குனிந்து நோக்கிக்கொண்டிருந்தவர் துள்ளி நிமிர்ந்தார். "கண்டுபிடிச்சுட்டேன்! இடது காலடி ஒரு வரிசை, வலது காலடி ஒரு வரிசை. அப்ப இரண்டு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவுல?"

"மரியாதை இடைவெளி!" என்று கூவினார் மஞ்சள் அதிகாரி.

"குழந்தை எங்கேருந்து வந்தது?"

"இரண்டு காலுக்கும் நடுவுலேருந்து!"

"அப்ப இந்தக் குழந்தை எங்களுது இல்லை."

"எங்களுதும் இல்லை."

"அதை அறுத்துல்ல எடுத்தேன்!" என்றார் டாக்டரம்மா. அது தொழில்நுட்ப விவரம் என்று இருவரும் தள்ளுபடி செய்தார்கள். வரலாற்றில் முதன்முறையாக இரண்டு நாடுகளும் ஒரு விஷயத்தில் முழுமனதாக ஒத்துப்போன தருணம் அது. கண்கலங்கிக் கட்டித் தழுவிக்கொள்ளப் போய், நடுவில் எல்லை இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"அது என் பொண்ணு" என்றார் மெக்கானிக். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "உங்களுது இல்லைன்னு நீங்க சொல்லவே வேண்டாம். ரெண்டு பேரும் கேட்டாலும் குடுக்கமாட்டேன்."

அதற்கு என்ன பதில் சொல்வதென்று விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, வராந்தாவின் கோடியிலிருந்து ஒரு வாளியும் துடைப்பானும் வந்தன. கூடவே தரை துடைக்கிற அம்மாள். காலையிலிருந்து அவளுக்கு ஏகப்பட்ட எரிச்சல். வாசல் தொடங்கி யாரோ வராந்தா முழுக்கப் பெயிண்ட் காலோடு நடந்திருக்கிறார்கள், போதாததற்கு ஒரு பட்டாளமே பூட்ஸோடு மிதித்திருக்கிறது. மண்ணெண்ணெயும் சோப்பும் கலந்து தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"காலைத் தூக்குங்க" என்றாள்.

அது கட்டளைக் குரல். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே வயசானவர்கள் அவர்கள். யார் சொன்னது, ஏன் சொன்னது என்று யோசிக்காமல் இரண்டு அதிகாரிகளும் ஒரு காலைத் தூக்கினார்கள். அம்மாள் அதன் அடியில் துடைப்பானை விட்டு, சர்ரென்று இழுத்து, பிழிந்து, மறுபடி இழுத்து, கதவு வரை துடைத்துவிட்டு வாளியோடு போய்விட்டாள். வாளியில் நுரைத்துக்கொண்டு போனது இரண்டு வரிசை எல்லை.

தரை பளிச்சென்று ஆகியிருந்தது. அப்போதுதான் வெள்ளை அதிகாரி குனிந்து பார்த்தார். தூக்கிய காலை எங்கே வைப்பது? ஒரு பக்கமாக வைத்தால் ஆக்கிரமிப்பு, மறுபக்கமாக வைத்தால் பின்வாங்கல். மஞ்சள் அதிகாரிக்கோ ஒரு பக்கம் ஊடுருவல், மறுபக்கம் சரணாகதி. எது எந்தப் பக்கம் என்று சொல்ல அங்கே ஒரு பொட்டுப் பெயிண்டும் மிச்சமில்லை. தலைநகரங்களுக்குச் செய்தி பறந்தது. இரு தரப்பும் இருந்த நிலையிலேயே இருக்கவும் என்று உத்தரவு வந்தது. இருந்த நிலை ஒற்றைக்கால்.

காவலர்கள் விவரமானவர்கள். கோடு அழிந்ததும் டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டார்கள். "கோடு எங்க இருக்குன்னு காட்டுங்க, உடனே போட்டுடுறேன்" என்று அவன் பிரஷோடு காத்திருந்தான். காட்டத்தான் ஒருவரும் முன்வரவில்லை.

தையல் பிரித்து, மெக்கானிக்கின் மனைவி குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பிய அன்றும் அதிகாரிகள் அப்படியேதான் நின்றார்கள், மீன் தீர்ந்துபோன குளத்தில் கொக்குகள் மாதிரி. 'நில்' என்று காட்ட நீட்டியிருந்த வெள்ளை அதிகாரியின் கையில் யாரோ குளுக்கோஸ் பாட்டிலை மாட்டியிருந்தார்கள். கால் முறிந்தவர் மஞ்சள் அதிகாரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடை பழகினார். பார்க்க வருகிறவர்கள் அவர்களுடைய பூட்ஸ் காலில் பையைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

மெக்கானிக் அருகில் வந்ததும் வெள்ளை அதிகாரி உதட்டை அசைக்காமல் கிசுகிசுத்தார். "இந்தாப்பா... இங்க வா. நானா நகர்ந்தாத்தான் குற்றம். எந்த நாட்டையும் சேராத ஒருத்தன் என்னைக் கடத்திட்டுப் போனா அது குற்றமில்லை. விதியில இருக்கு. நீ எந்த நாடும் இல்லைதானே? என்னைக் கடத்திட்டுப் போயேன். கதவு வரைக்கும் போதும்."

"முதல்ல என்னை" என்றார் மஞ்சள் அதிகாரி. "மைக்கெல்லாம் வேண்டாம், சும்மாவே அடைக்கலம் தர்றேன்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணைத் தூக்கவே ரெண்டு கை வேண்டியிருக்கு சார்" என்றாள். "வாங்க, இவளுக்குப் பசிக்குது."

அவர்கள் படியிறங்கினார்கள். பின்னால், "அந்நியர் தப்பிக்கிறார்கள், பிடியுங்கள்!" என்று இரண்டு குரல்கள் ஒரே சமயத்தில் எழுந்தன. பிடிப்பதற்கு யாராவது ஒருவர் காலைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.